சிங்கப்பூர் டிஸ்க்கும் மதுரைப் பெட்டியும்: ரீஜியன் லாக் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும், மகனோ மருமகனோ வெளிநாட்டில் வேலை பார்க்கும் வீடுகள் தெருவுக்கு நாலைந்து தேறும். அவர்கள் விடுமுறைக்கு வந்து இறங்கும் நாளில் பெட்டியைத் திறந்தால், கோடாலித் தைலத்துக்கும் சாக்லேட்டுக்கும் அடியில், வீட்டுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த விளையாட்டு டிஸ்க்கோ, புளூ-ரே படமோ, சில வீடுகளில் முழுக் கன்சோலோ இருக்கும். அன்று மாலையே அதைப் போட்டுப் பார்த்து, திரையில் ஒரு வரி ஆங்கில அறிவிப்பு மட்டும் வந்து நிற்கும்போது, டிஸ்க்கில் கீறல் விழுந்திருக்கும் என்று மாமாவும், நம் வீட்டுப் பெட்டி பழசாகிவிட்டது என்று அத்தையும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். டிஸ்க்கும் பழுதில்லை, பெட்டியும் பழுதில்லை, இரண்டும் வெவ்வேறு நாடுகளுக்காக விற்கப்பட்டவை என்பது பெரும்பாலும் மூன்றாவது நாள்தான் தெரியவரும்.

இருபது ஆண்டுகளாகப் படங்களையும் விளையாட்டுகளையும் டிஸ்க்கில் சேர்த்து வருபவன் என்பதால், அக்கம்பக்கத்தில் இப்படி ஓடாமல் போனவை கடைசியில் என்னிடம் வந்து சேரும். அவற்றைப் பார்த்தவரையில், தவறுகள் பலவாகத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான்: ஒரு நாட்டுக்காக விற்றது வேறு நாட்டில் ஓடாதபடி தடுக்கும் ரீஜியன் லாக் என்பதை ஒரே பூட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நான்கு தனித்தனிச் சங்கதிகள் அந்தப் பெயருக்குள் கிடக்கின்றன. பட டிஸ்க்கின் மண்டல எண் ஒன்று. விளையாட்டு டிஸ்க்குக்கும் கன்சோலுக்கும் இடையே உள்ள பூட்டு இன்னொன்று. ஆன்லைன் கடையில் நாம் வைத்திருக்கும் கணக்கு எந்த நாட்டுக்குரியது என்பது மூன்றாவது. பூட்டே அல்லாமல், ஆனால் பூட்டைப் போலவே வழிமறிக்கும் பிஏஎல், என்டிஎஸ்சி என்ற டிவி முறைகள் நான்காவது. ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறக்காது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி நடக்கவே நடக்காது.

எண்ணைப் பார்க்காமல் ‘ஒரிஜினல்தானே’ என்று வாங்குவது

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும், 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. ஒரு படம் அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடி முடிந்து டிஸ்க்காக வெளிவரும் சமயத்தில், மற்ற நாடுகள் சிலவற்றில் அது திரைக்கே வந்திருக்காது. அந்த டிஸ்க் முன்கூட்டியே அங்கே போய்ச் சேர்ந்தால் வசூல் கெடும் என்பது பட நிறுவனங்களின் அச்சம். நாட்டுக்கு நாடு வெவ்வேறு விலை வைத்து விற்கும் வசதியும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆகவே உலகத்தைக் கூறுபோட்டு ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அமெரிக்காவும் கனடாவும் 1. மேற்கு ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா நாடுகள், தென்னாப்பிரிக்கா ஆகியவை 2. தென்கிழக்கு ஆசியாவும் தென்கொரியா, தைவான், ஹாங்காங் ஆகியவையும் 3. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, லத்தீன் அமெரிக்கா 4. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனா 6. விமானத்திலும் பயணக் கப்பலிலும் காட்டுவதற்கென்றே 8 என்று ஓர் எண் உண்டு; அதை வீட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் ஊர்க்காரர்கள் பிழைக்கப் போன இடங்களை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் 3, துபாயும் லண்டனும் 2, நியூ ஜெர்சி 1, மெல்பர்ன் 4. உறவுக்காரர்கள் இருக்கக்கூடிய ஊர்களில் கொழும்பு மட்டும்தான் நம்மோடு சேர்ந்து 5-இல் நிற்கிறது. ஆக, அன்போடு வாங்கி வரப்படும் படம் ஏறத்தாழ எப்போதுமே அயல் மண்டலத்துப் படமாகத்தான் இருக்கும். டிவிடி உறையின் பின்பக்கத்தில் சிறிய உலக உருண்டைப் படத்துக்குள் இந்த எண் அச்சாகியிருக்கும். 0 என்றோ ‘ஆல்’ என்றோ இருந்தால் எண் பூட்டு இல்லை என்று பொருள். வாங்குவதற்கு முன் அந்தப் பின்பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும்.

இவ்வளவு எளிய காரியத்தை நாம் ஏன் செய்வதில்லை என்று யோசித்தால், பழக்கம்தான் காரணம் என்று எனக்குப் படுகிறது. நம் தலைமுறை விசிடியில் வளர்ந்தது, விசிடிக்கு மண்டல எண்ணே கிடையாது. அதற்குப் பின் வந்த தமிழ்ப் பட டிவிடிகளில், லண்டனிலிருந்து வந்தவை உட்படப் பலவற்றில், எல்லா நாட்டுத் தமிழர்களும் வாங்க வேண்டும் என்பதற்காகப் பூட்டுப் போடாமலே விட்டிருந்தார்கள். டவுன்ஹால் ரோட்டில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கிய பிளேயர்களில் பல, எந்த எண்ணையும் கேட்காமல் போட்டதையெல்லாம் ஓட்டின. மலிவுச் சரக்குக்குப் பூட்டில்லை. முழு விலை கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க்கும் அசல் பிளேயரும் சேரும்போதுதான் பூட்டு விழுகிறது. அதனால்தான் ‘ஒரிஜினல்தானே, ஓடாமல் எங்கே போகும்?’ என்ற நம்பிக்கை நம்மிடம் தலைகீழாக நிற்கிறது.

இதில் நமக்கு மட்டும்தான் விவரம் போதவில்லை என்று கூச்சப்படவும் தேவையில்லை. 2009-இல் அமெரிக்க அதிபர் ஒபாமா, தம்மைச் சந்திக்க வந்த பிரிட்டன் பிரதமர் கோர்டன் பிரௌனுக்கு 25 அமெரிக்கப் படங்களின் டிவிடித் தொகுப்பைப் பரிசளித்தார். அவை அமெரிக்க மண்டலத்து டிஸ்க்குகள் என்பதால் பிரிட்டனில் ஓடவில்லை என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின.

‘எந்த மண்டலத்து டிஸ்க்கும் ஓடும்’ என்று சொல்லி விற்கப்படும் பிளேயரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க டிஸ்க்குகள் சிலவற்றில் கூடுதல் சோதனை ஒன்றைச் சேர்த்தார்கள். டிஸ்க் முதலில் பிளேயரிடம் ‘நீ எந்த மண்டலம்?’ என்று கேட்கும். ‘எல்லா மண்டலமும்’ என்ற பதில் வந்தால் ஓட மறுத்துவிடும். இத்தகைய டிஸ்க்குக்கு, பிளேயரின் அமைப்பில் எண்ணை 1 என்று கையால் மாற்ற முடிந்தால்தான் வழி பிறக்கும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி ‘எல்லாம் ஓடுமா?’ என்பதன்று, ‘மண்டல எண்ணை நானே மாற்ற முடியுமா?’ என்பதே.

கணினியில் கேட்கும் கேள்விக்கெல்லாம் ‘சரி’ என்று அழுத்துவது

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். 2009-இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த சித்தப்பா மகன் கொடுத்த டிவிடியைக் கணினியில் போட்டபோது, மண்டலத்தை மாற்றட்டுமா என்று ஒரு கட்டம் வந்தது. மாற்றினேன், படம் ஓடியது. மறுநாள் இந்திய டிஸ்க் ஒன்றைப் போட்டபோது அதே கட்டம் வந்தது, மீண்டும் மாற்றினேன். கட்டத்தின் கீழே இன்னும் எத்தனை முறை மாற்றலாம் என்று ஓர் எண் குறைந்துகொண்டே வந்ததை நான் படிக்கவில்லை. ஒரு நாள் அமெரிக்க டிஸ்க் உள்ளே இருந்தபோது அந்த எண் பூஜ்யமாயிற்று. டிரைவ் 1-இலேயே நின்றுவிட்டது.

2000-க்குப் பின் தயாரான கணினி டிவிடி டிரைவ்களில் மண்டல எண் டிரைவின் உள்ளேயே பதிவாகிறது. அதை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது முறை எது தேர்ந்தெடுக்கப்பட்டதோ அதுவே நிரந்தரம். விண்டோஸை அழித்து மறுபடி நிறுவினாலும், அந்த டிரைவைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் கணக்கு மாறாது, ஏனென்றால் அந்தக் கணக்கு விண்டோஸில் இல்லை. பழுது பார்க்கும் கடையில் ‘ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும்’ என்று சொன்னார்கள். முந்நூறு ரூபாய் கொடுத்து ஃபார்மட் அடித்தும் பார்த்தேன். உங்கள் டிரைவில் எத்தனை வாய்ப்பு மிச்சம் இருக்கிறது என்பதை விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் வழியாக, டிரைவின் பண்புகளில் டிவிடி மண்டலம் என்ற பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். மாற்றுவதற்கு முன் பார்ப்பது நல்லது.

டிவிடிக் கணக்கைப் புளூ-ரேக்குப் போடுவது

புளூ-ரேயில் எண்கள் இல்லை, ஏ, பி, சி என்ற மூன்று எழுத்துகள்தான். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், தென்கொரியா, தைவான், தென்கிழக்கு ஆசியா ஆகியவை ஏ. ஐரோப்பா, வளைகுடா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை பி. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், சீனா, ரஷ்யா, மத்திய ஆசியா ஆகியவை சி. டிவிடியில் ஜப்பானும் லண்டனும் ஒரே எண், புளூ-ரேயில் பிரிந்துவிட்டன. டிவிடியில் சிங்கப்பூரும் நியூ ஜெர்சியும் வேறு வேறு; புளூ-ரேயில் சேர்ந்துகொண்டன. பழைய வரைபடத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்தான் இங்கே அதிகம் தடுக்கி விழுகிறார்கள். நம்மைப் பொறுத்தவரையில், கொழும்பைத் தவிர எல்லா உறவினரும் புளூ-ரேயிலும் அயல் மண்டலத்திலேயே இருக்கிறார்கள். அதில் மட்டும் மாற்றமில்லை.

புளூ-ரே பிளேயருக்குள் இரண்டு பூட்டுகள் தனித்தனியாக இருக்கின்றன என்பதைக் கடைக்காரர்களே பல நேரம் சொல்வதில்லை. ‘மல்டி ரீஜியன்’ என்று எழுதி விற்கப்படும் பெட்டியில் டிவிடிப் பூட்டு மட்டும் திறந்திருக்கும், புளூ-ரேப் பூட்டு அப்படியே இருக்கும். எழுதிய வாசகம் பொய்யன்று, பாதி உண்மை. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, முடிந்தால் அயல் நாட்டு டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொரு கண்ணி இதைவிட நயமானது. புளூ-ரேயில் பூட்டுப் போடுவது கட்டாயமன்று. படத்தை வெளியிடும் நிறுவனம் விரும்பினால் போடலாம், விரும்பாவிட்டால் விடலாம். நிறைய டிஸ்க்குகளில் போடுவதில்லை. அதனால் சிங்கப்பூரிலிருந்து வந்த முதல் படம் இங்கே தடையில்லாமல் ஓடிவிடும். அதைப் பார்த்துவிட்டு, ‘நம்ம பெட்டியில் எல்லாமே ஓடுது மாமா, இன்னும் அஞ்சு வாங்கிட்டு வாங்க’ என்று சொல்லிவிடுகிறோம். ஓடியது பெட்டியின் குணத்தாலன்று, அந்த ஒரு டிஸ்க்கின் குணத்தால். அடுத்த ஐந்தில் மூன்று நின்றுவிட்டால் பழி மாமாவின் மேல் விழுகிறது.

2016-இல் வந்த 4கே அல்ட்ரா எச்டி புளூ-ரேயில் மண்டலப் பூட்டே இல்லை. நல்ல செய்திதான். ஆனால் அந்தப் படத்தின் உறைக்குள் பெரும்பாலும் இரண்டு டிஸ்க்குகள் இருக்கும்: ஒன்று 4கே, மற்றொன்று சாதாரணப் புளூ-ரே. இரண்டாவதற்குப் பூட்டு இருக்கலாம். படம் உருவான விதம் பற்றிய காட்சிகளும் பேட்டிகளும் பல வெளியீடுகளில் அந்த இரண்டாவது டிஸ்க்கில்தான் கிடைக்கும் என்பதால், சேகரிப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூட்டு இல்லாத டிஸ்க்கிலும் நாம் தேடும் மொழி இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இந்தியாவில் வெளியான ஹாலிவுட் படங்கள் சிலவற்றில் தமிழ் ஒலித்தடம் இருக்கும். அதே படத்தின் அமெரிக்கப் பதிப்பில் அதை எதிர்பார்க்க முடியாது.

கல்யாண டிவிடியை அமெரிக்காவுக்கு அனுப்புவது

இதுவரை வெளியிலிருந்து உள்ளே வரும் டிஸ்க்கைப் பற்றிச் சொன்னேன். உள்ளிருந்து வெளியே போகும் டிஸ்க்கில் நடக்கும் தவறு வேறு வகை. அதில் மனவருத்தமும் அதிகம், ஏனென்றால் அது பெரும்பாலும் சொந்த வீட்டுக் கல்யாணமாக இருக்கும். தம்பியின் கல்யாணத்துக்கு வர முடியாமல் நியூ ஜெர்சியில் தங்கிவிட்ட அக்காவுக்கு, இங்கே வீடியோகிராபர் கொடுத்த மூன்று டிவிடிகளைப் பத்திரமாகப் பொதிந்து கூரியரில் அனுப்புவார்கள். அங்கே அது ஓடாது. ‘வீடியோக்காரர் வெறும் டிஸ்க்கைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்’ என்று இங்கே சண்டை தொடங்கும்.

வீட்டிலோ ஸ்டுடியோவிலோ பதிந்த டிஸ்க்கில் மண்டல எண் இருக்காது. அந்த டிஸ்க் நின்றது டிவி முறையால். இந்தியாவில் பயன்படுவது பிஏஎல்: நொடிக்கு 25 சட்டகம், 576 வரி. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்டிஎஸ்சி: நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டகம், 480 வரி. (நம் கடைக்காரர்கள் முன்னதைப் ‘பால்’ என்பார்கள். ‘பால் டிவிடியா?’ என்று கேட்ட என் பாட்டிக்கு விளக்கம் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று.) இங்கே விற்கும் பிளேயர்களும் டிவிகளும் நெடுங்காலமாக இரண்டு முறைகளையும் ஏற்கும்படி தயாராகின்றன, அதனால் அமெரிக்க டிஸ்க்கின் படம் நம் திரையில் வருவதில் இந்த வகைச் சிக்கல் குறைவு. அமெரிக்காவுக்கென்று தயாரான பிளேயர்கள் பலவற்றுக்கு பிஏஎல் தெரியாது. நாம் எல்லாவற்றையும் ஏற்கும் பெட்டிகளோடு பழகியவர்கள் என்பதால், மறுகரையில் உள்ள பெட்டியும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

கணினிக்கு இந்த வேற்றுமை பொருட்டில்லை. அதே டிஸ்க் அங்கே மடிக்கணினியில் ஓடும். ஆகவே சண்டைக்குப் போவதற்கு முன் அதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். இனி எடுக்கும் விழாக்களுக்கு, எம்பி4 கோப்பாகப் பென்டிரைவில் தரும்படி வீடியோகிராபரிடம் முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ள வேண்டும். டிவிடிதான் வேண்டும் என்றால், என்டிஎஸ்சியில் ஒரு பிரதி தனியாகக் கேட்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டால் மூலப் பதிவு ஸ்டுடியோவில் இருக்குமா என்பதே ஐயம்.

பழைய வீடியோ கேம்களையும் இந்த முறைகள் பாதித்தன. நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கும் (60 ஹெர்ட்ஸ்) என்டிஎஸ்சி டிவிக்காக ஜப்பானில் உருவான விளையாட்டுகள் பலவற்றைத் திருத்தம் செய்யாமல் 50 ஹெர்ட்ஸில் ஓடும் பிஏஎல் நாடுகளுக்கு அனுப்பியதால், அவை இயல்பைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. பழைய பிஏஎல் கன்சோலையும் அதற்குரிய கேசட்டையும் இன்று தேடி வாங்குபவர்கள், இயந்திரம் தளர்ந்துவிட்டது என்று நினைத்துக் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை.

‘இந்தக் கம்பெனிக்கு லாக் இல்லை’ என்று பொதுவாகச் சொல்வது

கன்சோல்களில் பூட்டு நிறுவனத்தைப் பொறுத்ததன்று, தலைமுறையைப் பொறுத்தது. நிண்டெண்டோவை எடுத்துக்கொள்வோம். கேம்பாய் முதல் டிஎஸ் வரை கையடக்கக் கருவிகளுக்குப் பூட்டில்லை. 2011-இல் வந்த 3டிஎஸ்ஸுக்குப் பூட்டுண்டு. டிவியோடு இணைக்கும் வீ, வீ யூ கன்சோல்கள் இரண்டுக்கும் உண்டு. 2017-இல் வந்த ஸ்விட்ச்சில் மறுபடி எடுத்துவிட்டார்கள். ‘நிண்டெண்டோவில் எந்த நாட்டு கேசட்டும் ஓடும்’ என்று ஸ்விட்ச் வைத்திருக்கும் பையன் சொல்வதைக் கேட்டு, ஜப்பானில் விற்ற 3டிஎஸ்ஸைப் பழைய பொருளாக வாங்கினால், ஜப்பானியக் கார்ட்ரிட்ஜ்தான் அதில் ஓடும். அதன் ஆன்லைன் கடையும் 2023 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது. முந்தைய டிஎஸ் கார்ட்ரிட்ஜ்கள் அதில் ஓடும் என்பது மட்டும் ஆறுதல்.

சோனியின் முதல் இரண்டு பிளேஸ்டேஷன்களும் பூட்டுள்ளவை. 2006-இல் வந்த மூன்றாவதிலிருந்து விளையாட்டு டிஸ்க்குகளுக்குப் பூட்டு ஏறத்தாழ நீங்கியது. நான்கிலும் ஐந்திலும் அப்படியே தொடர்கிறது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் முடிவு விளையாட்டை வெளியிடும் நிறுவனத்தின் கையில் இருந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு முதலில் பூட்டு அறிவித்த மைக்ரோசாஃப்ட், எதிர்ப்புக் கிளம்பியதும் 2013 ஜூன் 19 அன்று அதைக் கைவிட்டது. பழைய கன்சோல் வாங்குபவர், பெயரை மட்டும் கேட்காமல், எந்த மாடல், எந்த நாட்டில் விற்றது என்று பெட்டியின் அடிப்பகுதிச் சீட்டைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

நம் தெருக்களில் ஓடிய முதல் வீடியோ கேம்களிலேயே இந்தக் கதை இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. தொண்ணூறுகளில் மஞ்சள் கேசட் போட்டு விளையாடிய பெட்டிகள், ஜப்பானில் விற்ற நிண்டெண்டோவின் நகல்கள். அந்தக் கேசட்டுக்கு 60 ஊசி. அதே கருவியின் அமெரிக்க வடிவத்துக்கு 72 ஊசி. அளவே வேறு என்பதால், அமெரிக்காவிலிருந்து யாராவது கேசட் கொண்டுவந்திருந்தாலும் அது நம் பெட்டிக்குள் நுழைந்திருக்காது. ‘9999 கேம்’ என்று எழுதியிருந்த கேசட்டில் பத்து விளையாட்டு தேறாது என்ற ஏமாற்றத்தில், இந்த ஏமாற்றத்துக்கு நமக்கு இடமில்லாமல் போயிற்று.

பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் எந்த நாட்டு விளையாட்டு டிஸ்க்கும் ஓடுவதால், எந்த நாட்டுப் படமும் ஓடும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். டிஸ்க் செருகும் துளை ஒன்றுதான். ஆனால் படம் உள்ளே போனதும் அந்தக் கன்சோல் விற்கப்பட்ட நாட்டின் டிவிடி எண்ணும் புளூ-ரே எழுத்தும் கொண்ட சாதாரணப் பிளேயராக அது மாறிவிடுகிறது. துபாயில் வாங்கியதில் 2-ம் பி-யும். சிங்கப்பூரில் வாங்கியதில் 3-ம் ஏ-யும். அமைப்புகளில் எங்கே தேடினாலும் இதை மாற்றும் இடம் கிடையாது.

டிஸ்க் ஒரு நாடு, கணக்கு ஒரு நாடு

இன்றைக்குப் பணம் வீணாகும் இடம் பெரும்பாலும் இதுதான். விளையாட்டு டிஸ்க்குக்குப் பூட்டில்லை என்பது உண்மை. அந்த விளையாட்டுக்கு ஆன்லைனில் வாங்கும் கூடுதல் பகுதிகளுக்கு, அதாவது டிஎல்சிக்கு, நாடு உண்டு. பிளேஸ்டேஷனில் ஒரே விளையாட்டின் அமெரிக்கப் பதிப்புக்கு ஓர் அடையாள எண்ணும், வேறு மண்டலத்துப் பதிப்புக்கு வேறோர் எண்ணும் இருக்கும். பிஎஸ்4 டிஸ்க்கின் உறை முதுகில் சியுஎஸ்ஏ என்றும், பிஎஸ்5 டிஸ்க்கில் பிபிஎஸ்ஏ என்றும் தொடங்கும் எழுத்துகளை அடுத்து ஐந்து இலக்கமாக அது அச்சாகியிருக்கும். மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டிஸ்க் இங்கே ஓடும். அதற்கு இந்தியக் கணக்கில் ரூபாய் கொடுத்து டிஎல்சி வாங்கினால், பணம் போகும், கோப்பு இறங்கும், விளையாட்டுக்குள் மட்டும் அது தோன்றாது. எண் வேறாக இருந்தால் சேமித்துவைத்த ஆட்டமும் ஒரு பதிப்பிலிருந்து மறு பதிப்புக்குச் செல்லாது. ஆகவே டிஎல்சி அதிகம் வரும் விளையாட்டுகளை இங்கேயே வாங்குவதும், ஒருமுறை முடித்துவிட்டு வைக்கும் கதை விளையாட்டுகளை வெளியிலிருந்து தருவிப்பதும் சரியான பிரிவினை என்பது என் கருத்து.

கணக்குத் தொடங்கும்போது நாட்டைத் தவறாகக் கொடுப்பது பிள்ளைகள் செய்யும் தவறு. அமெரிக்கக் கடையில் சலுகை அதிகம் என்று நண்பர்கள் சொன்னதைக் கேட்டு அமெரிக்கா என்று தேர்ந்துவிடுவார்கள். பின்னர் அப்பாவின் வங்கி அட்டையை அது ஏற்காது. பிளேஸ்டேஷன் கணக்கின் நாட்டைத் தொடங்கிய பிறகு மாற்றவும் முடியாது. புதுக் கணக்குத் தொடங்கினால், பழையதில் வென்ற கோப்பைகளும் வாங்கிய விளையாட்டுகளும் அங்கேயே தங்கிவிடும். வெளிநாட்டுக் கணக்கைத் தனியாகத் திறந்துகொள்வதை ஒரு தந்திரமாகப் பலர் சொல்கிறார்கள். வசிக்காத நாட்டை வசிப்பதாகக் காட்டுவது நிறுவனத்தின் விதிகளுக்கு ஒத்துவராது என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. எக்ஸ்பாக்ஸில் நாட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். ஆனால் கணக்கில் மிச்சமிருக்கும் பணம் கூடவே வராது. நிண்டெண்டோவிலும் மாற்றலாம், அதற்கு முன் கணக்கில் உள்ள தொகையைத் தீர்த்திருக்க வேண்டும்.

பரிசு அட்டையும் இதே வகை. சிங்கப்பூர் டாலரில் வாங்கிய பிளேஸ்டேஷன் அட்டையின் எண்ணைச் சித்தப்பா வாட்ஸாப்பில் அனுப்பினால், இந்தியக் கணக்கு அதை ஏற்காது. அங்கே வாங்கிய அட்டையை இங்கே மாற்றித் தருபவர் யாருமில்லை. பிறந்தநாளுக்குப் பணமாகவே அனுப்பச் சொல்லி, இங்கே ரூபாய் அட்டை வாங்குவது நல்லது.

2025-இல் புதிதாக ஒரு கண்ணி முளைத்திருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் 5 அன்று வந்த ஸ்விட்ச் 2-க்கு அப்போது ஜப்பானில் இரண்டு விலை வைத்தார்கள்: ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென், பல மொழி உள்ளது 69,980 யென். 20,000 யென் வித்தியாசத்தைப் பார்த்ததும் கை குறைந்த விலைக்குத்தான் நீளும். அந்தக் கருவியில் திரை மொழி ஜப்பானியம் மட்டுமே. ஜப்பான் என்று பதிவான கணக்கை மட்டுமே அது ஏற்கும். நவம்பரில் சோனியும் 55,000 யென் விலையில், ஜப்பானிய மொழி மட்டும் உள்ள, ஜப்பான் கணக்குக்கு மட்டுமான பிளேஸ்டேஷன் 5 ஒன்றை அங்கே கொண்டுவந்தது. அதில் டிஸ்க் துளையும் இல்லை. டிஸ்க்கிலிருந்து நீங்கிய பூட்டு கருவிக்கும் கணக்குக்கும் இடம்பெயர்ந்திருக்கிறது. டோக்கியோவுக்குப் போகும் நண்பரிடம் சொல்லி அனுப்பும்போது விலையைச் சொல்லாமல், பல மொழி உள்ளது என்று எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

பூட்டை ஏமாற்றும் சிப் ஒன்றைக் கன்சோலுக்குள் போட்டுக்கொடுப்பவர்களைப் பற்றியும் கேட்பார்கள். பிஎஸ்2 காலத்தில் அது சர்வசாதாரணம். சிப் போட்ட கருவியை ஆன்லைன் சேவையிலிருந்து நிரந்தரமாக விலக்கிவிடும் அபாயம் இன்று உண்டு. பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பாதுகாப்பை உடைப்பதற்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் விதிக்க இடமிருக்கிறது. ஓடாத ஒரு டிஸ்க்குக்காக அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

கருவியைச் செருகுவதற்கு முன் மின் அடாப்டரின் சீட்டைப் படிப்பதும் முக்கியம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. ‘100–240’ என்று எழுதியிருந்தால் பிளக் வடிவம் மட்டும்தான் சிக்கல். ஒரே எண் எழுதியிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடக் கூடாது.

ஏற்கெனவே வந்து சேர்ந்து ஓடாமல் கிடக்கும் டிஸ்க்குகளைப் பழைய இரும்புக்குப் போடுவதுதான் கடைசித் தவறு. உறவினர் திரும்பிப் போகும்போது பில்லோடு கொடுத்தனுப்பினால் சில கடைகளில் மாற்றித் தருவார்கள். இல்லையென்றால், யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கி, அதை ஒரே ஒரு அயல் மண்டலத்துக்கென்று ஒதுக்கிவிடலாம். ஒவ்வொரு டிரைவுக்கும் ஐந்து மாற்றம் என்ற கணக்குத் தனி. முந்நூறு ரூபாய்க்கு ஃபார்மட் அடித்தும் திருந்தாத என் பழைய டிரைவைக் கழற்றி, யுஎஸ்பியில் செருகும்படியான ஓர் உறைக்குள் பொருத்தி, மேலே ‘1’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மதுரையில் அமெரிக்க டிவிடி பார்க்க வேண்டிய சொந்தக்காரர்கள் இப்போது அதைத்தான் இரவல் வாங்கிப் போகிறார்கள்.